ஊத்துக்கு மேலே

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில், அம்மையநாயக்கனூரின் வெயிலில், கொடைக்கானல் ரோடு என்ற பெயரைத் தாங்கி நிற்கும் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, நிலக்கோட்டையையும் வத்தலக்குண்டையும் கடந்து, பழனி மலைத்தொடரின் தென்சரிவில் வளைந்து வளைந்து ஏறி, 7,000 அடி உயரத்திலுள்ள ஓர் ஏரிக்கரையில் போய் முடிகிற சுமார் 80 கிலோமீட்டர்ச் சாலையை, கோடை விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு சிரமமாகவே கருதுகின்றன. குழந்தைகளுக்குப் படகும் குதிரையும் ஞாபகம். பெரியவர்களுக்குக் குளிர்ந்த காற்று ஞாபகம். ஆனால் என் தகப்பனாரை முன் ஆசனத்தில் அமர்த்திக்கொண்டு இந்த மே மாதத்தில் நாங்கள் மேற்கொண்ட பிரயாணத்தில் சாலையே பிரதானமாயிற்று. ஏனெனில் அவருடைய வாலிபப் பிராயம் முழுவதும் இந்தச் சாலையில்தான் கழிந்தது, அதுவும் சாலையின் பாதி உயரம் வரையில்.

நிலக்கோட்டையின் பூச்சந்தையை வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டு வத்தலக்குண்டை அடைந்தோம். 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய ராஜமய்யரும், தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவும், 'மணிக்கொடி'யைச் சிறுகதை ஏடாக நடத்திய பி. எஸ். ராமையாவும் பிறந்த அந்தச் சிற்றூரை எந்தத் தமிழ் வாசகனும் வணக்கமின்றிக் கடந்துபோக முடியாது என்பது என் அபிப்பிராயம். அப்பாவின் பக்தி வேறு வகையானது. 1960-களின் பிற்பகுதியில் இங்கே ஒரு வாழைக்காய் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். விடியுமுன் காலி லாரியில் ஏறி மலைக்குப் போய், ஏற்றப்படுகிற தார்களை எண்ணிச் சிட்டையில் குறித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் சரக்கோடு இறங்கிவிடுவது அவருடைய உத்தியோகம். மண்டி இருந்த இடத்தில் இப்பொழுது கைப்பேசிக் கடை நடக்கிறது. அதை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. "லாரி இந்நேரம் காட்ரோடு தாண்டியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

காட்ரோடு என்ற அடிவாரச் சந்திப்பில் சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. 1845-ல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மலைமேல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டிய காலத்தில் இந்தப் பாதை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளகெவி வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த டோலியிலோதான் போகவேண்டும். மேஜர் லா என்ற இஞ்சினீயரின் பெயரைத் தாங்கிய இன்றைய மலைச்சாலை 1916-ல்தான் பொதுஜன உபயோகத்துக்குத் திறக்கப்பட்டது. டோலிக்கு வேலை போயிற்று. லாரிக்கு வழி பிறந்தது. மலைத்தோட்டக்காரர்களின் ஜீவனமே இந்தச் சாலையால் மாறியது என்பதை, ஏரியையும் பங்களாக்களையும் மட்டும் விஸ்தாரமாக வர்ணிக்கிற வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லத் தவறிவிடுவது எனக்கு வருத்தந்தான்.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். எதிரே, 975 அடி உயரத்திலிருந்து மெல்லிய கோடாக விழுகிறது தலையாறு அருவி. எலிவால் அருவி என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான். கீழே மஞ்சளாறு அணை. குழந்தைகள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா ஒவ்வொரு வளைவிலும் எந்த டிரைவர் எங்கே ஹாரன் அடிப்பார், எந்த இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிப்பார்கள் என்று விவரித்துக்கொண்டு வந்தார். சொன்ன இடத்தில் பாறைக் கசிவு இருந்தது.

ஊத்து என்ற இடத்தில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் கிளைச்சாலை பிரிகிற முனையில், அவர் இறங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாங்கள் சென்னையிலிருந்து வந்தோம் என்று இப்பொழுது தோன்றுகிறது. காப்பித் தோட்டங்களின் நிழல்மரங்களுக்கிடையே வளர்ந்த விருப்பாச்சி, சிறுமலை என்னும் மலைவாழைத் தார்களை, வண்டி போக முடியாத சரிவுகளிலிருந்து மட்டக்குதிரைகளின் முதுகில் இருபுறமும் கட்டி இந்தச் சாலைக்குக் கொண்டுவருவார்களாம். குதிரைச் சவாரிக்கு ஏங்கிக்கொண்டிருந்த என் மகன், "குதிரை மேல நீங்க ஏறினது உண்டா தாத்தா?" என்று கேட்டான். "குதிரைக்குத் தார் பாரமே போதும்டா கண்ணு, நாங்க பின்னாடி நடப்போம்" என்றார்.

டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் இப்ப தார் எம்புட்டு இறங்குது?"

"முன்ன மாதிரி எங்கங்கய்யா, முடிக்கொத்து வந்து எல்லாத்தையும் தின்னுருச்சே. எங்கப்பாரு காலத்துல இந்த முக்குல லாரி வரிசையா நிக்குமாம்."

அசுவினிப் பூச்சியால் பரவுகிற அந்த வைரஸ் நோய் தாக்கினால், வாழையின் குருத்திலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும், தார் ஈனாது, பக்கக்கன்றுகளும் நோயோடுதான் பிறக்கும். 1970-களில் கீழ்ப்பழனி மலையின் வாழைத் தோட்டங்களை அது சூறையாடிற்று. பலர் காப்பியோடும் மிளகோடும் திருப்தியடைந்தார்கள். மண்டியும் மங்க, அப்பா வேறு வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்தார். எங்கள் குடும்பம் சென்னையில் வேரூன்றியதற்கு ஒரு வாழைப்பூச்சி காரணம் என்பதை அன்றைக்குத்தான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

ஊத்துக்கு மேலே அவருக்குப் பேச அதிகம் இல்லை. பழனியிலிருந்து ஏறிவரும் சாலை பெருமாள்மலையில் வந்து சேர்கிறது. அதற்கப்பால் ஏரியின் உபரிநீரே விழுகிற வெள்ளி அருவி. பிறகு, 1895-ல் இயேசு சபையார் கல்லூரி நிறுவிய செண்பகனூர். 1863-ல் மதுரைக் கலெக்டர் வெரி லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரியைச் சுற்றி ஜனநெரிசல் சகிக்க முடியாதிருந்தது. 2024 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் விதித்தும் இந்த நிலைமை. மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் மதிலோரமாகச் சென்றபோது, கடல்கடந்த நாடுகளில் வாழும் அதன் பழைய மாணவர்கள் தம் குழந்தைகளை அழைத்துவந்து தாம் படித்த வகுப்பறைகளைக் காட்டுவதை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குக் காட்டக் கட்டடங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு வளைவுகள் இருக்கின்றன.

மாலையில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனோம். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்தைத் தழுவிய ஆஸ்திரேலிய மாது லீலாவதி அம்மையார் 1936-ல் எழுப்பிய ஆலயம் அது. மேகம் விலகியிருந்தபடியால், வடக்கே வெகு ஆழத்தில் பழனி மலைக்கோயில் தெரிந்தது. அப்பா பேரக் குழந்தைகளை அருகில் அழைத்து, அங்கே பிசையப்படும் பஞ்சாமிர்தத்துக்கு எந்த வாழை ஏற்றது, அதில் ஏன் நீர்ப்பசை குறைவு, அதனால் பஞ்சாமிர்தம் எப்படிப் பலநாள் கெடாமலிருக்கிறது என்று, தாம் பலமுறை எண்ணிக் குறித்த சரக்கின் பெருமையை, ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எடுத்துச் சொன்னார். அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறதா என்று பெண் கேட்டாள். இருக்கிற தோட்டங்களைப் பார்க்கலாம் என்றார். படகுக்குச் செல்ல இருந்த மறுநாள் காலையில் சீக்கிரமே இறங்கி, ஊத்தில் திரும்பிப் பண்ணைக்காட்டுக்கும், நேரமிருந்தால் தாண்டிக்குடிக்கும் போவதென்று அங்கேயே முடிவாயிற்று.