கண்டற் காயலின் ஒளி

நீர் தீயை அவிக்கும் என்பதும், ஒளி உள்ளவிடத்து வெம்மையும் உளதாம் என்பதும் சிறுமகாரும் அறிந்தன. அங்ஙனம் அறிந்த இரண்டினையும் ஒருங்கே ஐயுறச் செய்யும் நீர்நிலைகள் உலகத்தில் மிகச் சிலவே உள. அவற்றுள் ஒன்று, கரீபியன் கடலகத்துள்ள போர்ட்டோ ரிக்கோத் தீவின் வடகீழ்க் கோடியில், பஹார்டோ என்னும் ஊரின் அயலே கிடக்கும் லகுனா கிராந்தே என்னும் காயலாம். பெருங்காயல் என்பது ஸ்பானிய மொழியில் அப்பெயரின் பொருள். அதன் மருங்கிலுள்ள மேட்டின்மீது 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இன்றும் நிற்கின்றது.

கடற்பக்கத்தினின்று அக்காயலுக்குச் செல்வோர் லாஸ் குரோவாபஸ் என்னும் மீனவர் துறையிலே அந்திப்பொழுதிற் படகேறுவர். இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து துடுப்பு வலிக்கும் சிறு படகு அது, கயாக் என்பர். துறையைக் கடந்தபின் வழி ஒரு குறுகிய கால்வாயினுள் நுழைகின்றது. இருகரையும் செங்கண்டல் மரங்கள் வேரூன்றி நின்று, மேலே கிளையொடு கிளை பிணைந்து கூரைபோற் கவிந்திருக்கும். அங்கே பிறைநிலவும் புகாது. முன்செல்லும் வழிகாட்டியின் முதுகில் மின்னும் சிறு விளக்கொன்றையன்றி வேறொன்றும் காணாமல், வேரில் முட்டியும் ஒருவர் படகு மற்றொருவர் படகில் இடித்தும் நெடுநேரம் செல்லல் வேண்டும். அதன்பின் கால்வாய் அகன்று, விண்மீன்கள் திடீரெனத் தோன்றும். அதுவே காயல்.

சான் ஹுவான் நகரத்திலே நெடுங்காலம் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இக்காயலுக்கு இருமுறை சென்றார். முதன்முறை சென்றது 2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். உடன் சென்றவர் அவர் மனைவியார். பிறந்தது முதல் அத்தீவிலேயே வாழ்ந்தும் அவ்வம்மையார் அவ்வொளியைக் கண்டதில்லை. ஆண்டுதோறும் செல்வோம் செல்வோம் என்று தள்ளிப்போட்டவர் ஆசிரியரே. புறப்படுநாளும் வந்தது, வந்தபோது காயல் இருண்டுவிட்டது. அம்மாதத்தில் லகுனா கிராந்தே பல நாட்கள் தொடர்ந்து ஒளியிழந்து கிடந்தது என்பது செய்தித்தாள்களில் வெளிவந்த செய்தி. பெருமழை நீர் வந்து கலந்தமையோ, காற்றும் அலையும் மிக்கமையோ, அயலே நடந்த கட்டட வேலையினின்று ஒழுகிய நீரோ, கண்டல்கள் வெட்டப்பட்டமையோ, படகுகளின் மிகுதியோ எனப் பலரும் பலவாறு ஐயுற்றனர். ஒன்றே காரணம் என ஒருவரும் அறுதியிட்டிலர்.

செய்தியை அன்று காலையிலேயே படித்திருந்தும், முன்னரே பணம் செலுத்திவிட்டமையால் அவர் மனைவியாரோடு சென்றார். செல்லும்பொழுதே சினத்தோடு சென்றார். கால்வாயில் எறும்புபோல் ஊர்ந்து செல்லும் படகுகளைக் கண்டு மேலும் சினந்து, கைவிளக்கை ஏற்றி ஏற்றிக் கடிகாரத்தை நோக்கினார். காயலை அடைந்து துடுப்பை எத்துணை முறை அடித்தும் நீர் கரியதாகவே இருந்தது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மையாரோ ஒன்றும் பேசாமல் நீரிற் கையை விட்டபடி இருந்தார். திரும்பும்பொழுது, தம் சிறுவிரலின் அடியில் ஒரு பொறி தோன்றி மறைந்தது என்று மெல்லச் சொன்னார்.

ஆசிரியர் அதனை ஏற்றுக்கொண்டிலர். இல்லையென்று அறிஞர் கூறியபின் உண்டென்பது, காணவேண்டும் என்னும் ஆசை கண்ணிற் படைத்துக்கொண்ட தோற்றமே என்று நியாயங்காட்டி மறுத்தார். மறுத்ததோடு அமைந்திருப்பின் நன்றாயிருக்கும். விருந்தினர் வருந்தோறும் இதனை ஒரு நகைச்செய்தியாக எடுத்துச்சொல்லும் வழக்கமும் அவருக்கு உண்டாயிற்று. எல்லோரும் நகைப்பர், அம்மையாரும் உடன் நகைப்பார். ஒருமுறைமட்டும், "ஒன்றுதான் கண்டேன், பல கண்டதாகச் சொல்லவில்லையே" என்றார். 2019-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அற்றேல், அவ்வொளிதான் யாது? எனின், அது நீரின் ஒளி அன்று. நீரில் வாழும் உயிரின் ஒளி என்க. டைனோபிளாஜெல்லேட் என்னும் இனத்தைச் சார்ந்த ஒற்றையணு நுண்ணுயிர் அது. பைரோடினியம் பஹாமென்சி என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். பஹாமாத் தீவுகளில் உள்ள ஓர் ஏரியினின்று எடுத்து ஆராய்ந்து 1906-ஆம் ஆண்டில் அதனை விளக்கியமையால் அப்பெயர் வந்தது. முற்பகுதிக்குச் சுழலுந் தீ என்பது கிரேக்கமொழிப் பொருள். ஒரு மில்லிமீட்டரை இருபது கூறிட்டால் ஒரு கூறளவே அதன் உடல். பகலில் ஞாயிற்றொளியைக் கொண்டு பயிரினங்களைப்போல் உணவாக்கிக்கொள்ளும். பகலில் எத்துணைக் கலக்கினும் அது ஒளிராது. இரவும் பகலும் அறியும் ஒரு முறைவைப்பு அதனுள்ளேயே அமைந்துளது. இரவில் மீன் ஊடறுத்தாலும் துடுப்பு உராய்ந்தாலும், அவ்வழுத்தத்தால் அதன் உடலகத்துள்ள நுண்பைகளிற் புளிப்புத்தன்மை ஏறுகின்றது. ஏறவே, லூசிபெரின் என்னும் பொருள் லூசிபெரேஸ் என்னும் மற்றொன்றின் துணையால் உயிர்வளியோடு கூடி, நொடியிற் பத்திலொரு கூறளவு நீலவொளி வீசி அடங்குகின்றது.

திருமுறை பயின்றார்க்கு, விறகினுள் மறைந்து நின்று கடையத் தோன்றுந் தீ என்னும் உவமை உடனே நெஞ்சில் எழும். அஃது ஈண்டு ஒருபுடை ஒப்புமையேயன்றி முற்றும் ஒவ்வாது. விறகிலே தோன்றிய தீ விறகையே உண்ணும்; இவ்வொளி தன்னைத் தாங்கிய உயிரைச் சிறிதும் சுடுவதில்லை. கடைந்தபின் தீ நிலைத்து நிற்கும். இதுவோ தோன்றிய கணத்திலேயே மறையும். உவமை அழகியதென்று கண்டவிடமெல்லாம் அதனைப் பொருத்த முயலுதல் புலவர்க்குள்ள பழைய நோய்.

இவ்வுயிர்க்கு இவ்வொளியால் ஆம் பயன் யாது என்பதும் ஆராயப்பட்டுளது. தன்னை உண்ணவரும் சிற்றுயிரைத் திடுக்கிடச் செய்தல் ஒன்று. உண்ணவந்ததனைப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுத்தல் மற்றொன்று. கள்வனைக் கண்டவன் கூவி ஊரை எழுப்புதல் போல்வது. எனவே, கண்டு மகிழ்வோர் அழகென்று வியக்கும் ஒவ்வொரு பொறியும் அவ்வுயிர்க்கு ஓர் அச்சக் குரலாகும். இவ்வினத்தின் மற்றொரு வகை பசிபிக் கடலில் நச்சுத்தன்மையுடையதாய், 1983 முதல் பிலிப்பைன் தீவுகளில் சிப்பியுணவின் வாயிலாகப் பலரை மாய்த்தது என்பதும் அறியத்தக்கது.

இவை பிறவிடங்களிலும் உள்ளனவாயினும் இத்தகைய காயல்களில் மட்டும் செறிந்து தங்குதற்குக் காரணம், கடலொடு கூடும் வாய் குறுகியிருத்தலும், கண்டல் இலைகள் உதிர்ந்து மக்கி நீருக்கு ஊட்டம் தருதலுமாம். வாய் அகன்றாலும் கண்டல் அழிந்தாலும் ஒளி இல்லை. அதே நாட்டைச் சார்ந்த வியேக்கஸ் தீவின் மஸ்கிட்டோக் குடா இதற்குச் சான்று. ஒளியால் மிக்கதென்று உலகெங்கும் புகழ்பெற்ற அக்குடா, 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் சூறாவளி தாக்கியபின் மாதக்கணக்காக இருண்டு கிடந்தது. கரையிலிருந்த கண்டல்கள் முரிந்தன; மழைநீர் பெருகிக் கலந்தது. தீவு முழுதும் மின்விளக்கு அவிந்திருந்த நாட்களும் அவையே. விளக்கு இல்லையாயின் நீரொளி நன்கு தோன்றும் என்பர். அவ்வாண்டில் இரண்டும் ஒருசேர இல்லையாயின. பின்பு 2018-இல் குடா மீண்டும் ஒளிர்ந்தது. பெரும்பாலும் அழிந்துபோன ஒன்று மீண்டும் பெருகவேண்டுமாயின், எங்கேனும் சில உயிர்கள் எஞ்சியிருந்திருத்தல் வேண்டும். இருண்டது என்பதற்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று என்பது பொருளன்று என இதனால் அறியப்படும்.

இவ்வளவும் அவ்வாசிரியர் நூல்களிற் படித்தவை. படித்தது மனைவியார் மறைந்தபின். கண்ணைப்பற்றியும் படித்தார். வெளிச்சத்தினின்று இருளுக்கு வந்த கண், மங்கிய ஒளியை நன்கு காணும் நிலையை எய்த இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். முதியோர்க்கு இன்னும் மிகும். இடையில் ஒருகால் வெள்ளிய விளக்கைக் கண்டாலும் அந்நிலை கெட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். அந்த இரவில் கைவிளக்கை ஏற்றி ஏற்றிக் கடிகாரம் பார்த்தவர் யார் என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மையார் முன்னிருந்தார்; விளக்கு அவர் முதுகுக்குப் பின்னே எரிந்தது.

2023-ஆம் ஆண்டில், அமாவாசையை அடுத்ததோர் இரவில், ஒன்பது வயதுள்ள பெயர்த்தியோடு அவர் மீண்டும் அங்கே சென்றார். கைவிளக்கும் கடிகாரமும் வீட்டிலேயே இருந்தன. ஆயினும் ஒரு பிழை நேர்ந்தது. கொசுக்கடிக்கு அஞ்சி, தம் வழக்கப்படி, கொசு விரட்டும் மருந்தை இரு கைகளிலும் முழங்கைவரை நன்றாகப் பூசிக்கொண்டு வந்திருந்தார். அம்மருந்து நீரிற் கரைந்து அந்நுண்ணுயிர்க்குத் தீங்கு செய்யும் என்பதும், அதுபற்றியும் பிறபற்றியுமே ஆண்டு நீந்துதல் விலக்கப்பட்டுள்ளதென்பதும் துறையில் வழிகாட்டி சொல்லத்தான் அவர்க்குத் தெரிந்தது. "ஐயா, தங்கள் கை படகுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றான் அவ்விளைஞன். கற்பித்தே பழகியவர் தலையசைத்து இசைந்தார். சிறுமி ஒன்றும் பூசியிருக்கவில்லை.

அன்று காயல் ஒளிர்ந்தது. துடுப்பின் அலகு புகுந்தவிடத்தெல்லாம் நீலப்புகை போன்ற ஒளி எழுந்து சுழன்று அடங்கிற்று. படகின் கீழே ஒரு மீன் ஓடியது. ஓடிய வழி ஒரு கோடாகத் தோன்றிக் குறுகி மறைந்தது. சிறுமி இரு கையாலும் நீரை முகந்து தன் முன்கையின்மேல் வழியவிட்டாள். பொறிகள் தோலின்மீது உருண்டோடின. "தாத்தா, தாங்களும் தொடுங்கள்" என்றாள். "என் கையில் மருந்து இருக்கின்றது அம்மா" என்றார் அவர். அவள் சிறிது நேரம் எண்ணிப்பார்த்துவிட்டு, மீண்டும் நீரை முகந்து, பின்புறம் திரும்பி, அவர் முகத்தருகே நீட்டிக் காட்டினாள். திரும்புவதற்குள் நீர் ஒழுகி ஒளியும் ஒழிந்தது. மும்முறை முயன்றாள். மூன்றாம்முறை உள்ளங்கையின் மடிப்பிலே ஒன்றிரண்டு மின்னக் கண்டார். கையை நீட்டவும் மாட்டாமல், வேண்டா என்னவும் மாட்டாமல் அவர் இருந்த நிலையை வழிகாட்டி கண்டானோ இல்லையோ, படகுகளைச் சற்றுநேரம் அவ்விடத்திலேயே நிற்கவிட்டான்.

திரும்பும்பொழுது மீண்டும் கண்டற் கால்வாய். கடலை நெருங்க நெருங்க ஒளி அருகிற்று. துடுப்பின் புகையொளி போயிற்று. பின்னர்ப் பத்துப் பொறி, ஐந்து பொறி என ஆயிற்று. பின்னர் ஒன்றும் இல்லை. மற்றைப் படகுகளிலிருந்தோர் பேசத் தொடங்கினர், ஒருவர் பாடினார். சிறுமி மட்டும் கையை எடாமல் நீரிலேயே விட்டிருந்தாள்.

"தாத்தா, ஒன்று கண்டேன்" என்றாள்.

அவர் காணவில்லை. வலித்த துடுப்பை நிறுத்தி, "எந்த விரலின் அடியில்?" என்று கேட்டார்.

"நடுவிரல்" என்றாள் அவள்.

துடுப்பைப் படகின் குறுக்கே வைத்துவிட்டு, அவர் முன்சாய்ந்து அவள் கையருகே நீரை நோக்கியிருந்தார். பின்வந்த படகு மெல்ல வந்து முட்டிற்று. வழிவிடுமாறு அதிலிருந்தோர் கேட்டனர். சிறிது பொறுக்குமாறு அவர் கையசைத்தார்.