பின்பாட்டு

பொட்டிபுரம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் பலர் அறிந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் வழியாகத்தான். 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிறகு அம்பரப்பர் மலையும் எங்கள் ஊரும் சில காலம் நாளிதழ்களில் இடம்பெற்றன. எனக்கு ஊர் என்றதும் நினைவுக்கு வருவது விடிவதற்கு முன் வந்து நிற்கும் ஜீப்தான். ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். பெரியம்மா முப்பது வருடங்களுக்கு மேல் அதில் போய் வந்தவர்.

ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் காய் பிடிக்கும் சரங்களோ தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும். எனவே குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்துவிட்டால் பக்கத்துத் தூரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அந்த மலையில் பாட்டு பொழுதுபோக்காக வந்ததல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும் வழி அது. பெரியம்மா ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார். ஐந்து திசைகளிலிருந்து பின்பாட்டு வரும். வாத்தியம் எதுவும் கிடையாது.

2008இல் ஒரு தொலைக்காட்சிக்காரர்கள் கிராமியப் பாட்டுப் போட்டிக்கு மதுரையில் ஆள் தேர்வு செய்வதாக அறிந்தேன். பெயர் வேண்டாம். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, என் ஊரை உலகம் கேட்க வேண்டும் என்ற ஆவேசம் இருந்தது. விண்ணப்பத்தில் பாடுபவர் பெயருக்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். பெரியம்மாவின் பெயரை எழுதினேன். மற்ற ஐவரிடமும் "நீங்களும் வாங்க, அங்க பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆறு பேரும் வந்தார்கள். போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023இல்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது.

மண்டபத்தின் வாசலில் இருந்த இளைஞர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்தான் உள்ள போகலாம். குழுன்னா வேற நாள் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "தனியாவே பாடுவாங்க சார்" என்றேன்.

உதவியாளன் என்ற பெயரில் நானும் உள்ளே போனேன். பெரியம்மா முதல் அடியைப் பாடினார். நல்ல குரல்; நடுவர்கள் நிமிர்ந்தார்கள். அடி முடிந்ததும் நிறுத்திவிட்டார். மலையில் பின்பாட்டு வரும் இடம் அது. பழக்கத்தில் காத்திருந்தார். அறை அமைதியாக இருந்தது. மறந்துவிட்டதாக நினைத்த நடுவர், "பரவாயில்லம்மா, தொடருங்க" என்றார். பெரியம்மா இரண்டு பங்கையும் தாமே பாட முயன்றார். நான்காவது அடியில் மூச்சு உடைந்தது. நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

திரும்பும் ரயிலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு மலையில் பெரியம்மா அடி எடுத்துக்கொடுப்பதை நிறுத்திக்கொண்டார் என்றும், பின்பாட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்கிறார் என்றும் சில மாதங்கள் கழித்து அம்மா சொன்னாள்.

2012 வாக்கில் பெரியம்மாவின் பேரனுக்குப் பள்ளியில் அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அதில் அவன் சேர்த்து வைத்திருந்தவற்றுள் 'தி சிங் ஆஃப்' நிகழ்ச்சித் துண்டுகளும் இருந்தன. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2009இல் தொடங்கிய போட்டி. வாத்தியமே இல்லாமல் பாடும் குழுக்களுக்கு மட்டுமானது. இம்முறைக்கு 'அ கப்பெல்லா' என்று பெயர். இத்தாலிய மொழியில் தேவாலயப் பாணி என்று பொருள். தமிழ்த் திரையிசை கேட்பவர்களுக்கு 'திருடா திருடா' (1993) படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' நினைவுக்கு வரலாம். ஆனால் நம் தொலைக்காட்சிகளின் புகழ்பெற்ற பாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் தனிக்குரலைத் தேடியவை. 'சிங் ஆஃப்' குழுவைக் குழுவாகவே எடைபோட்டது. 2011இல் மூன்றாம் பருவத்தை வென்ற 'பென்டடோனிக்ஸ்' ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் வாயாலேயே தாளம் போடுவார். இன்னொருவர் அடிக்குரலில் நிற்பார்.

பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேளம் எங்கய்யா இருக்கு?" என்றார். எல்லாம் வாய்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஒருத்தன் மூச்சு வாங்கையில இன்னொருத்தன் பிடிச்சுக்கிறான் பாரு."

இசைப்பள்ளிகளில் இதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். சேர்ந்திசையில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கக்கூடாது. மாற்றி மாற்றி எடுத்தால் கேட்பவர் காதில் பாட்டு அறுபடாது. அவர்கள் மேல்சுரம், கீழ்ச்சுரம் என்று ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எங்கள் மலைப்பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் பங்கிட்டுக்கொண்டார்கள். முறை வேறு. ஆனால் இரண்டிலும் ஒருவரைத் தனியே பிரித்தெடுத்தால் கிடைப்பது பாட்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நான் மதுரையில் செய்தது அதைத்தான்.

அந்தப் போட்டியில் வெளியேறும் குழுவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. தோற்றதாக அறிவித்த பிறகு விடைபெறும் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுத்தான் போவார்கள். அதைப் பேரன் விளக்கியபோது பெரியம்மா கேட்டார்: "தோத்தவங்களையும் பாட விட்டா அனுப்புறாங்க?"

நான்கு வருடங்களாகச் சொல்லாததை அன்றுதான் சொன்னேன். வேறு நாள் கேட்டிருக்கலாம், அவசரப்பட்டு நானாகத்தான் தனியாகப் பாடுவார் என்று ஒப்புக்கொண்டேன் என்று.

"தெரியும்யா. நீ பேசுனது கேட்டுச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் உள்ள பாடையில அவளுக அஞ்சு பேரும் வெளிய நின்னு பின்பாட்டுப் பாடிருக்காளுக. கதவு சாத்தியிருந்துச்சு. எனக்குக் கேக்கல" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பேரன் அடுத்த பாட்டைப் போட்டான்.

முழங்கால் வலியால் பெரியம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. காய் எடுப்பவர்களின் இடுப்பில் கைபேசி பாடுகிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அதிலும் தெரிந்துவிடும்தான். எந்தப் பாட்டுப் போட்டியின் அறிவிப்பைப் பார்த்தாலும் நான் முதலில் விண்ணப்பத்தைத்தான் தேடுகிறேன். பெயர் எழுத எத்தனை வரி விட்டிருக்கிறார்கள் என்று.