ஒகேனக்கல்: முன்பக்கம் இல்லாத ஓடம்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். மலைப்பாதையின் வளைவுகளைத் தாண்டி இறங்கினால் மீன் வறுவல் வாசனை, எண்ணெய் மசாஜ் செய்பவர்களின் அழைப்பு, அதற்கும் மேலாகத் தண்ணீர் இரைச்சல். கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள். பெயருக்கேற்ப, பாறையில் மோதும் காவிரி புகையாக எழும்புகிறது.

வருகிறவர்கள் எல்லோரும் அருவியைத்தான் படம் பிடிக்கிறார்கள். பரிசல்காரரின் கைகளைக் கவனிப்பவர்கள் குறைவு.

படகுக்கு முன், பின் உண்டு, பரிசலுக்குக் கிடையாது. ஏழடிக்குக் கொஞ்சம் அதிகமான அகலத்தில் ஒரு மூங்கில் கூடை. அடியில் அந்தக் காலத்தில் தோல். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். ஒரே பக்கம் துடுப்பு போட்டால் பம்பரம்தான். குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரிப்பது அந்தச் சுற்றலுக்காக. தொழில் பழகும் பையனுக்கோ அதுதான் முதல் தோல்வி! பரிசலுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை இடமும் வலமுமாகத் தன் பக்கம் இழுக்கத் தெரிந்தால்தான் நேராகப் போகும்.

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுத்தர 1968 முதல் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. பனிச்சறுக்குப் பயிற்றுநர்களுக்குப் பல நாடுகளில் முதல்நிலைச் சான்றிதழ்த் தேர்வு உண்டு. தானாக வேகமாகச் சறுக்கிக் காட்டினால் மட்டும் அதில் தேற முடியாது. பனியையே பார்த்திராத ஒருவரை பயம் போக்கி, நிற்க வைத்து, பத்திரமாக இறக்கிவிட வேண்டும். ஒகேனக்கல் பையனுக்கும் ஏறக்குறைய அதே பாடம்தான். காலிப் பரிசலை ஓட்டுவது ஒரு வித்தை. நீச்சல் தெரியாத ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது வேறு வித்தை.

கனமானவர்களை எதிரெதிரே உட்கார வைக்க வேண்டும். செல்ஃபிக்காக எழுந்து நிற்பவரை, வாடிக்கையாளர் என்றும் பாராமல், அதட்டி உட்கார வைக்க வேண்டும். இந்த அதட்டல்தான் கற்றுக்கொள்ளச் சிரமமானது. மேலே அமைதியாகத் தெரியும் நீரில் சுழி எங்கே, பாறை எங்கே என்பதும் தெரிய வேண்டும். போன மாதம் பார்த்த பாறை இந்த மாதம் நீருக்குள் இருக்கும். ஆறு பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

2015-ல் ஒரு பரிசல் கவிழ்ந்து சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்தார்கள். உரிமம் பெற்றவர்தானா என்று கேட்டு ஏறுவதும், லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக் கட்டுவதும் நம் பக்கத்து வேலை. 'வெயிலாக இருக்கிறது' என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தண்ணீர் திறந்தால், எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் கணக்கு ஏறும். கன அடி கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். ஐந்தருவி செந்நிறமாகப் பொங்கி, பார்க்க மிக அழகாக இருக்கும் நாட்கள் அவை. பரிசல்காரர் வீட்டில் வருமானம் இல்லாத நாட்களும் அவைதான்.

அப்போது கரையில் பரிசல்கள் ஆமை ஓடுகளைப் போலக் கவிழ்ந்து கிடக்கும். விரிசல் பார்த்துத் தார் பூசும் வேலை நடக்கும். புதிதாகப் பழகும் பையன்களுக்கு முதலில் கையில் கொடுப்பது துடுப்பை அல்ல, அந்தத் தார் சட்டியைத்தான்.