ஒரு பிளேனைக் கொடுத்தால் இரண்டு



இந்த முறை கட்டாரிலிருந்து லீவில் வந்த நானா, டிவியில் செருகி விளையாடும் சின்ன ஸ்டிக் ஒன்று கொண்டு வந்தார். பிள்ளைகள் கார் ஓட்டுற கேம் தேடிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் ஒரு பெயரைக் கண்டதும் நானாவும் நாங்கள் இரண்டு தம்பிமாரும் ஒரே நேரத்தில் "நில்லு, நில்லு" என்று கத்திவிட்டோம். கலாகா!

முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த 'டிவி கேம்' காலம் ஞாபகம் இருக்கும். பெருநாள் காசைச் சேர்த்து வாங்கியது. கெசட் வேலை செய்யாவிட்டால் கழற்றி, ஊதிப் போடுவோம். அஸருக்குப் பிறகு ஓதிவிட்டு வந்து உட்கார்ந்தால், மக்ரிப் பாங்கு கேட்டதும் உம்மா வந்து பிளக்கைக் கழற்றும் வரைக்கும் எழும்ப மாட்டோம்.

கலாகா, ஜப்பானின் நம்கோ கம்பனி 1981 இல் வெளியிட்ட விளையாட்டு. கீழே எங்கள் பிளேன், மேலே வரிசை கட்டி நிற்கும் வண்டுகள். அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் வரிசையில் நிற்கும் பெரிய வண்டு சில நேரம் இறங்கி வந்து ஒரு வெளிச்சத்தை விரிக்கும். அதற்குள் அகப்பட்டால் எங்கள் பிளேனை இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். பிறகு அந்த வண்டு பாய்ந்து வரும்போது அதை மட்டும் சரியாகச் சுட்டால், பிடிபட்ட பிளேன் திரும்பி வந்து எங்களோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிளேன், இரண்டு மடங்கு சூடு.

நாங்கள் அந்த வெளிச்சத்தைக் கண்டாலே ஓடுவோம். நானாதான் வேண்டுமென்றே போய் அதற்குள் நிற்பார். "பயப்புடாத தம்பி, ஒண்டக் குடுத்தாத்தான் ரெண்டாக் கெடைக்கும்" என்பார். கொடுத்துவிட்டு ரிமோட்டை எங்களிடம் நீட்டுவார்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. வீடு, வாப்பாவின் தோணி, வலை எல்லாம் போயின. அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் மிஞ்சின. ஏ.எல் படித்துக்கொண்டிருந்த நானா கொப்பியை மூடிவிட்டு அடுத்த வருடம் கட்டாருக்குப் போனார். அவர் அனுப்பிய காசில் வீடு எழும்பியது. தங்கச்சி கரைசேர்ந்தாள். நாங்கள் ரியூஷனுக்குப் போனோம். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிக்குப் போகும்போது கட்டிய முதல் டையும் அவர் அனுப்பியதுதான்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றிரவு விளையாடினோம். வாப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். மூன்றாம் கட்டத்தில் நாற்பது வண்டுகள் சுடாமல் வரிசையாகப் பறந்து போகும். அதை மட்டும் கை மறக்கவில்லை. மற்றதெல்லாம் தடுமாற்றம். முடிவில் திரையில் ஒரு கணக்கு வந்தது: சுட்டது 240, பட்டது 156. சின்ன வயதில் அந்த ஆங்கில வரிகளை நாங்கள் வாசித்ததே இல்லை. இன்று கணிதம் படிப்பிக்கிறோம். பார்த்த உடனே 65 வீதம் என்று மனம் சொன்னது. இன்னொன்றும் விளங்கியது. ஒரு பிளேனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குண்டுகள்தான் திரையில் இருக்கலாம். அவை தவறினால், மேலே போய் மறையும் வரைக்கும் அடுத்ததைச் சுட ஏலாது. பட்டனைப் போட்டு அடித்த எங்களுக்கு அந்தக் காலத்தில் இது தெரியவில்லை. ஆத்திரத்தில் சுட்டால் கை வெறுமையாகிவிடும்.

அடுத்த ஆட்டத்தில் நானா வழமைபோல் வெளிச்சத்துக்குள் போய் நின்றார். பிளேன் சிவப்பாகி மேலே போனது. ரிமோட் எங்கள் கையில். அவசரத்தில் சுட்டோம். வண்டு தப்பியது. பிடிபட்ட எங்கள் சொந்த பிளேன் வெடித்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் வாப்பாவின் காணி சம்பந்தமாக ஃபோனில் ஒரு வாக்குவாதம். அப்போது நாங்கள் நானாவிடம் சொன்ன வார்த்தை இது: "வெளிநாட்டுல இருக்கிற ஒங்களுக்கு இங்கத்தைய நிலம என்ன தெரியும்?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டார். அடுத்த மாதமும் காசு ஒழுங்காக வந்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. படித்த எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டோம். "நானா, அண்டைக்குச் சொன்னதுக்கு மன்னிச்சிக்கங்க."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. ரிமோட்டைத் துடைத்துக்கொண்டே, "கெசட்டக் கழட்டி ஊதிப் போடு தம்பி, வேல செய்யும்" என்றார். அந்த ஸ்டிக்கில் கழற்ற ஒரு கெசட்டும் இல்லை. மூன்று பேரும் சிரித்தோம். அவருடைய கண் கலங்கியிருந்தது.

நேற்று அவரை ஏர்போட்டில் விட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறோம்.

எங்கள் ஊரில் அந்த வெளிச்சத்துக்குள் போய் நின்ற ஒருவர் இல்லாத வீடு குறைவு. அவருடைய இருபது வருடத்தில்தான் நாம் சேர், டீச்சர், டொக்டர் என்று நடமாடுகிறோம். காணி, வீடு, பங்கு என்று பேச்சு வரும்போது கொஞ்சம் நிதானித்துச் சுடுவோம். பிடிபட்டுப் போனவரும் நம்முடையவர்தான்.

இன்று இரவு ஒரு கோல் எடுங்கள். காசு பற்றிப் பேச வேண்டாம். "சாப்பிட்டீங்களா நானா?" என்று மட்டும் கேளுங்கள்.

அல்லாஹ் அவர்கள் எல்லோருடைய உழைப்பிலும் பரகத் செய்வானாக.