ஊட்டி மலை ஏறும் முன் அம்பாசடருக்கு ஒரு குளியல்!

கோவையிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் என்றால் ஒரு டீ, ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். ஊரைத் தாண்டிப் பாக்குத் தோப்புகள் தொடங்கியதும் காற்று மாறும். கல்லார் வந்ததும் சாலை மேல்நோக்கித் திரும்பும். 14 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம்.

இன்றைய கார்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஏ.சி-யைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே ஏறிவிடுகின்றன. ஆனால், வீட்டில் அம்பாசடரோ பத்மினியோ வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பர்லியாறில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ஆவி அடங்கும்வரை பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பிய கதை கட்டாயம் ஒன்று இருக்கும்.

இதே மலையில் 1899-லிருந்து குன்னூருக்கு ரயில் போகிறது. அந்த நீராவி இன்ஜினும் வழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் ஏறும். ஆனால், ரயிலுக்குத் தண்ணீர்தான் ஆவியாகி வண்டியை இழுக்கிறது. காருக்கு அப்படியில்லை. உள்ளே இருக்கிற அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். அது பொங்கி வெளியே வந்தால், எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

அந்தக் கோளாறைச் சரிசெய்யும் பட்டறை ஒன்று, மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் வெள்ளை அம்பாசடர். வண்டிக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய அம்பாசடர்தான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் ஒரு முகூர்த்தம். அட்வான்ஸும் வாங்கிவிட்டார்.

"ரேடியேட்டரை மாத்தியாச்சுங்க அம்மிணி. வாட்டர் பாடியும் புதுசுங்க. கீழ ஓடறப்ப ஒண்ணும் தெரியறதில்லீங்க. அஞ்சாறு வளைவு ஏறுனா பொங்கிருது. போன மாசம் பொண்ணு வீட்டுக்காரங்களை நடுரோட்டுல இறக்கி, வேற வண்டி புடிச்சு அனுப்புனேன். காயலான் கடைக்காரரு வேற வந்து விலை கேட்டுட்டுப் போறாருங்க" என்றார். இந்த முறையும் பொங்கினால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டார்களாம்.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "மலை என்னங்க பண்ணும்? கீழ நாம ஊத்துனதைத்தான் அது மேல போயிக் காட்டிக் குடுக்குது."

அவர் சொல்வது புரிய, இன்ஜினுக்குள் கொஞ்சம் போய் வரலாம். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1,489 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். பெட்ரோல் எரியும் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் தண்ணீர் ஓட இரும்புக்குள்ளேயே பாதைகள் உண்டு. முன்னால் இருக்கும் வாட்டர் பாடி, ரேடியேட்டரின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை இழுத்து பிளாக்குக்குள் தள்ளும். அது சூட்டை வாங்கிக்கொண்டு ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட் வழியாக ரேடியேட்டரின் மேல்பக்கம் போய்ச் சேரும்.

இனி கோவைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. குடிக்க சிறுவாணி, துணி துவைக்க போர் தண்ணீர். அந்த 'உப்புத் தண்ணி'யைக் காய்ச்சும் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. அதோடு இரும்புத் துருவும் சேர்ந்து சேறாகிறது. முன்னால் வேகமாக ஓடும் தண்ணீர், பின்கோடியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போகும்போது மெதுவாகிவிடும். கனமான சேறு அங்கேயே, அடியில் தங்கிவிடுகிறது. சமவெளியில் இன்ஜினுக்குச் சுமை குறைவு, எதிர்க்காற்றும் உண்டு. அதனால் பாதிப் பாதை அடைத்திருந்தாலும் சமாளித்துவிடும். மலையில் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு மெதுவாக ஏறும்போது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் அளவும் குறையும். ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே, உள்ளே இருப்பது சீக்கிரம் கொதித்துவிடாமல் இருக்கத்தான். அதனால் மூடியின் ரப்பர் நைந்திருந்தாலும் தொல்லைதான்.

குளியல் தொடங்கியது. இன்ஜின் முழுக்க ஆறியிருந்தது. ரேடியேட்டரைக் காலி செய்துவிட்டு, பிளாக்கின் பின்பக்கம் கீழே இருக்கும் சின்னக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. "பாத்தீங்களா? உள்ள தண்ணி இருக்குது, வழி இல்லை." குழாயைக் கழற்றி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் பொடி, பிறகு கட்டி, அப்புறம் செம்மண் கரைசல் மாதிரி தண்ணீர் கொட்டியது.

அடுத்தது எதிர்க் கழுவல். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தோட்டத்து ஹோஸைச் செருகித் தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக விட்டார். வழக்கமான ஓட்டத்தில் இறுகிப் போன அழுக்கு, எதிர்த்திசையில் தள்ளினால் சீக்கிரம் பெயருமாம். நடுநடுவே கொஞ்சம் காற்றும் அடித்தார். ரேடியேட்டரை முதலிலேயே பிரித்து வைத்துவிட்டதால், கிளம்பும் சேறு அதன் மெல்லிய குழாய்களுக்குள் போய் அடைக்க வாய்ப்பில்லை.

அப்படியும் பின்பக்கம் தெளியவில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் பெரிய காசு போலப் பதிந்திருந்த வட்டத் தகடு ஒன்றைத் தட்டி எடுத்தார். இவற்றை கோர் பிளக் என்கிறார்கள். இன்ஜினை வார்க்கும்போது தண்ணீர்ப் பாதைக்காக உள்ளே மணலில் அச்சு வைப்பார்கள். அந்த மணலை வெளியே எடுத்த ஓட்டைகளின் மூடிகள்தான் இவை. கழற்றிய தகடு துருவேறித் தாளாகிப் போயிருந்தது. ஓட்டை வழியாக விரலை விட்டபோது நகக்கண் வரை சேறு. வளைந்த கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு டீ கிளாஸ் நிறைந்தது. வண்டிக்காரர் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லாகப் படிந்த உப்புக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு. வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, புதுத் தகடு அடித்து, ரேடியேட்டரை மாட்டி நிரப்பி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தார். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு கழுவல். கடைசியாக, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை வெறும் தண்ணீர். "பாத்ரூம் ஆசிட்டை ஊத்துறவங்களும் இருக்காங்க. அது உப்பைத் தின்னுட்டு அப்படியே இரும்பையும் தின்னுரும்" என்றார். எலுமிச்சை உப்பையும் மறந்துபோய் உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. துருப் பிடிக்காமல் இருக்க கூலன்ட்டில் மருந்து உண்டு.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னவை:

* வண்டி பொங்கினால் மூடியைத் தொடாதீர்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆறட்டும். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

* சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடலாம்.

* பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

* அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளுக்கு எலுமிச்சை உப்பு வைத்தியத்தை நீங்களாகச் செய்யாதீர்கள்.

சாயங்காலம் வண்டி கிளம்பும்போது மெக்கானிக் அண்ணன் ஒன்றை மறைக்காமல் சொன்னார். "முக்காவாசி போயிருச்சுங்க. மிச்சம் இருக்கறது இரும்போட இரும்பா ஆயிருச்சு. ஹெட்டைக் கழட்டுனாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமைக்கு இது போதும்."

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. இந்த இன்ஜினைக் கையால் தொட்டே எந்தப் பக்கம் சூடு அதிகம் என்று சொல்கிறவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் இருந்த பையனிடம், "நீயும் கத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். "ஸ்கேனர்தாங்க்கா கத்துக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டிக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. குன்னூர் மண்டப வாசலில், பானெட்டில் பூமாலையோடு அம்பாசடர். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "முள்ளு பாதியைத் தாண்டலீங்க அம்மிணி. பர்லியாறுல நிறுத்துனோம், மாப்பிள்ளை டீ கேட்டாருன்னு!"