நடுச்சீட்டு

சூது என்ற சொல்லைக் கேட்டு முகஞ் சுளியாத பெரியோர் கல்முனைக்குடியில் இல்லை. ஆயினும் இஷாத் தொழுகையின் பின் கடற்கரைத் தோணி மறைவில் முந்நூற்றுநாலு ஆடியறியாத இளைஞரும் எம்மூரில் அரியர். நாங்கள் பணம் வைப்பதில்லை. எனினும் வாப்பாவின் குரல் கேட்டால் கடதாசிக் கூட்டம் மணலுக்குள் புதைந்துவிடும்.

பொருளியல் விரிவுரையில் போக்கர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது அக்கடற்கரையே என் நினைவில் எழுந்தது. ஜோன் வொன் நியூமனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேனும் 1944 இல் வெளியிட்ட நூலில் அவ்வாட்டத்தின் பொய்ச் சவாலைக் கணிதமாக ஆராய்ந்தனர். 1950 இல் ஹரல்ட் கூன் ஆட்டத்தையே மூன்று சீட்டுகளுக்குள் சுருக்கினார்: ராஜா, ராணி, ஜாக். (முந்நூற்றுநாலில் 30 புள்ளியோடு அனைத்தையும் வெல்லும் ஜாக் இங்கே கடைநிலையில் கிடப்பது எம்மவர் கண்ணை உறுத்தும்.) ஆடுவோர் இருவர், ஆளுக்கொரு சீட்டு, நடுவே ஆளுக்கொரு புளியங்கொட்டை. முதலாமவன் இன்னொரு கொட்டை வைத்துச் சவால் விடலாம். எதிராளி தானும் ஒன்று வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்லலாம், அல்லது தன் சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

பொய்ச் சவால் எந்தச் சீட்டுக்கு உரியது? ராணிக்கே என்று நான் எண்ணினேன். கணக்கோ ஜாக்குக்கு என்கிறது. ராணியுடன் சவால் விட்டால் ராஜா வைத்திருப்பவன் விலகப் போவதில்லை. ஜாக் வைத்திருப்பவன் விலகுவான், ஆனால் அவனைச் சவாலின்றியே வெல்லலாம். ஜாக்குக்கு மட்டுமே தன்னிலும் பெரிய ராணியை விரட்டும் வாய்ப்புண்டு. அதுவும் அளவோடுதான். ராஜாவுடன் மூன்று முறை சவால் விடுபவன் ஜாக்குடன் ஒரு முறை விடலாம். மிஞ்சினால் ராணிக்காரன் விலகமாட்டான். இருவரும் இவ்வாறு பிசகாது ஆடினாலும் முதலாமவன் சராசரியாக 18 ஆட்டங்களுக்கு ஒரு கொட்டை இழப்பான். இச்செய்தி எனக்கு ஏனோ ஆறுதலளித்தது.

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் நான் இரு தடவை தோற்றினேன். இரு தடவையும் சித்தி. மருத்துவ பீடத்துக்கு மட்டும் போதாது. கையில் இருந்தது ராணி. "அடுத்த முறை நிச்சயம்" என்று வீட்டில் சவால் விட்டேன். உம்மா தன் காப்பை அடகு வைத்து வகுப்புக் கட்டணம் செலுத்தினார். எஞ்சியிருந்தது மூன்றாவதும் இறுதியுமான தடவை. நடுவில் விழுந்த கொட்டை எவனுக்கும் உரியதன்று என்பதை அன்று நான் அறியேன். அந்தக் காப்பை எண்ணியே விலக அஞ்சினேன். இரவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடலிரைச்சலைக் கேட்டுக் கிடந்தேன்.

ஒருநாள் ஆட்டத்தில் வீணாகக் கேள்வியை உயர்த்தித் தோற்றேன். கூட ஆடிய மச்சான் சினந்தான்: "கை இல்லாம ஏன்டா கேள்வி கேக்காய்?" அவன் கேட்டது சீட்டைத்தான்.

அன்றிரவே உம்மாவிடம் சொன்னேன்: உயிரியலை விடுகிறேன், கலைப் பிரிவில் தோற்றுகிறேன் என்று. அவர் அழவில்லை. அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டே, "எனக்கு முந்தியே தெரியும், மகன்" என்றார். எப்போதிருந்து என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.