அன்னை ஹாஜராவின் ஓட்டமும் நம் கடற்கரை மணலும்

"மார்க்கத்தையும் பெண்ணுரிமையையும் பற்றி எழுதிவரும் நீங்கள், மணலுக்காகவும் தண்ணீருக்காகவும் வாதாடுவது ஏன்?" என்று அன்பர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அவை வேறு வேறு என்பது அவர்கள் எண்ணம். நமக்கோ அவை ஒரே கயிற்றின் புரிகளாகத் தோன்றுகின்றன.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கின்றனர். யாருடைய அடிச்சுவட்டில்? பாலகர் இஸ்மாயீலின் தாகம் தீர்க்கத் தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் அடிச்சுவட்டில்! ஸம்ஸம் பொங்கியதும் அன்னையார் அதற்குக் கரைகட்டித் தேக்கினார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. ஒரு தாய் தண்ணீருக்காகப் பட்ட பாடு, அரசருக்கும் ஆண்டிக்கும் வணக்கமாயிற்று. இதைவிடப் பெருமை பெண்ணுக்கும் தண்ணீருக்கும் வேறெங்கே கிடைத்தது?

இனி நம் குமரி மாவட்டக் கடற்கரைக்கு வருவோம். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், மணவாளக்குறிச்சியிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அந்நாளில் காஸ் விளக்கு வலைகளுக்குத் தேவைப்பட்டது. கதம்பலை ஊறவைத்து, நாரடித்து, கயிறு திரித்த கைகளுள் மிகுதியும் பெண்களின் கைகளே. அம்மணலை உலகுக்குக் காட்டியது அவர்கள் திரித்த கயிறு. ஆயினும் வரலாறு ஷோம்பர்க்கின் பெயரை மட்டுமே எழுதிக்கொண்டது.

அந்த மறதி இன்றும் தொடர்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரையுள்ள ஊர்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்காக, 2024 அக்டோபர் 1-ஆம் நாள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பால் அது தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரிலோ, அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது.

இக்கனிமம் நாட்டுக்கு வேண்டும்; மணல் ஆலையால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. மணலை எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலைத் தரப்பின் வாதம். அவற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடற்கரைக் கிணற்றில் உப்பேறினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போகிறவள் யார்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்பதே நம் கேள்வி. மனிதர்களின் கைகள் செய்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதென எச்சரிக்கிறது திருமறை. பூமி நமக்கு உடைமையன்று, அமானத்.

அரசை நோக்கி இக்கேள்வியைக் கேட்கும் நாம், நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். ஹுதைபிய்யாவில் தோழர்கள் சோர்ந்து நின்ற வேளையில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்று நடந்தார்கள். நம் ஊர் ஜமாஅத் கூட்டங்களிலோ, குளம் தூர்ப்பதும் நிலம் விற்பதும் பேசப்படும்போது பெண்களின் கருத்து எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது? அரசும் கேளாது, ஜமாஅத்தும் கேளாதெனில், அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். நிலத்தையும் நீரையும் பற்றி ஜமாஅத் அடுத்து எழுதும் மனுவில், ஊர்ப் பெண்களின் கருத்தைக் கேட்டு, அவர்கள் கையொப்பத்தையும் சேர்க்கட்டும். அதற்கு எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை.